வேலை இல்லாதவர்களை முதன்முதலில் எண்ணிய கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். மணி அடித்த பிறகும் டீச்சர் பாடத்தை நிறுத்த மாட்டாங்க என்று கேலி செய்தவர்கள்தானே நீங்கள்! இப்போது மணி அடிக்கவும் ஆள் இல்லை.

போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "டீச்சர், நாட்டுல வேலை இல்லாதவங்க நூத்துக்கு மூணு பேர்தான்னு பேப்பர்ல போட்டிருக்கு. எங்க தெருவுலயே பத்து பேர் சும்மா சுத்துறானுங்க. எது டீச்சர் நெஜம்?" நாலைந்து பேர் சிரிப்புப் படம் போட்டீர்கள். இரண்டு பேர் கட்சிச் சண்டை ஆரம்பித்தீர்கள். நான் குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். அது முடிகிற கதை இல்லை என்று தெரிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இல்லாதவர்களை அரசாங்கம் எண்ணுவது இன்று சாதாரண விஷயம். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி ஒரு கணக்கே உலகத்தில் இல்லை. எத்தனை மூட்டைப் பஞ்சு இறங்கியது, எத்தனை கப்பல் வந்தது, வரி எவ்வளவு என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும். அந்தப் பஞ்சை நூற்றவளுக்கு என்ன கூலி, ஆலை மூடினால் அவள் என்ன சாப்பிடுவாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் ஓர் அலுவலகம் வைத்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். ஆண்டு 1869.

வரைபடத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். பாஸ்டன் இருக்கிற மாநிலம் அது. சின்ன மாநிலம்தான், ஆனால் அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளின் தாய்வீடு. லோவெல், லாரன்ஸ், ஃபால் ரிவர் ஆகிய ஊர்களில் பஞ்சாலைகள். லின் என்ற ஊரில் காலணித் தொழில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் செருப்புத் தைத்தவர்களை இயந்திரம் வந்து தொழிற்சாலைக்குள் தள்ளியது. தைக்கத் தெரியாதவனையும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி முதலாளி வேலை வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தது. அந்தக் காலணித் தொழிலாளர்கள் 'செயின்ட் கிரிஸ்பின் வீரர்கள்' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். கிரிஸ்பின் என்பவர் செருப்புத் தைப்பவர்களின் காவல் புனிதர்.

1869இல் அந்தச் சங்கம் தனக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று மாநில சட்டமன்றத்திடம் மனுக் கொடுத்தது. சட்டமன்றம் மறுத்தது. ஆனால் தொழிலாளர்களின் ஓட்டு வேண்டுமே! அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல, 'தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம்' ஒன்றை அதே ஆண்டு ஜூன் மாதம் உருவாக்கிக் கொடுத்தார்கள். சமாதானத்துக்குக் கொடுத்த அந்தப் பொருள் பிறகு உலகத்துக்கே முன்மாதிரி ஆனது. பிள்ளைகளே, வரலாற்றில் பல நல்ல காரியங்கள் நல்ல எண்ணத்தில் தொடங்கியவை அல்ல.

அலுவலகத்தின் முதல் தலைவர் ஹென்றி ஆலிவர். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். அவர் பல ஆண்டுகள் சேலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் இருக்கிறது. பிறகு லாரன்ஸில் ஒரு பஞ்சாலையை நிர்வகித்தார். ஆலையில் குழந்தைகள் படும் பாட்டை உள்ளே இருந்தே பார்த்தவர். அவருக்குத் துணையாக வந்த ஜார்ஜ் மெக்நீல் சிறுவனாக ஆலையில் வேலை பார்த்தவர். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று போராடியவர்களில் முக்கியமானவர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் ஆலைத் தொழிலாளி. நல்ல ஜோடி.

ஆனால் இருவருக்கும் ஒரு குறை இருந்தது. கண்டதை மனம் கொதித்து எழுதிவிட்டார்கள். பாஸ்டனில் ஏழைகள் அடைந்து கிடந்த குடியிருப்புகளின் நிலையை அறிக்கையில் வெளியிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கோபம். அடுத்து வங்கிக்காரர்களின் பக்கம் திரும்பினார்கள். "எங்கள் மாநிலத் தொழிலாளிகள் செழிப்பாக இருக்கிறார்கள், சேமிப்பு வங்கிகளில் பணம் குவிகிறதே பாருங்கள்" என்று பெரியவர்கள் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, "இந்தக் கூலியில் இவ்வளவு சேமிக்க முடியாது, பெரிய தொகையெல்லாம் கூலிக்காரன் போட்ட பணம் இல்லை" என்றார்கள். அவ்வளவுதான். அலுவலகத்தையே இழுத்து மூட வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. 1873இல் ஆளுநர் இருவரையும் மாற்றிவிட்டார்.

புதிதாக வந்தவர் கரோல் ரைட். 33 வயது வழக்கறிஞர். உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்தவர். மாநில செனட்டில் இருந்தபோது தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர். புள்ளியியலில் பயிற்சி ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். முதலாளியும் தொழிலாளியும் ஒருசேர நம்பாத எண்ணால் யாருக்கும் பயன் இல்லை. எந்தப் பக்கமும் சாயாமல் விவரத்தைத் திரட்டி வைப்பதே தன் வேலை என்று வகுத்துக்கொண்டார். அலுவலகம் பிழைத்தது அதனால்தான்.

அவர் பதவிக்கு வந்த சில மாதங்களில், 1873 செப்டம்பரில், ஜே குக் என்ற பெரிய வங்கி நிறுவனம் திவாலாகி அமெரிக்கா முழுவதும் பொருளாதாரம் படுத்துவிட்டது. ஆலைகள் மூடின. வேலை தேடி ஊர் ஊராக நடந்தவர்களைப் 'பரதேசிகள்' என்று போலீஸ் பிடித்தது. ஐந்து ஆண்டுகள் ஆகியும் நிலைமை சரியாகவில்லை. நாட்டில் 30 லட்சம் பேருக்கு வேலை இல்லை, மாசசூசெட்ஸில் மட்டும் இரண்டு மூன்று லட்சம் பேர் என்று மேடைகளில் பேசினார்கள். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை.

ரைட் இதை நம்பவில்லை. 1878இல் எண்ணிவிடுவது என்று முடிவு செய்தார். ஒவ்வோர் ஊரிலும் வரி மதிப்பிடும் அலுவலர்களுக்கும் போலீஸுக்கும் கடிதம் போனது: "உங்கள் ஊரில் வேலை இல்லாதவர்கள் எத்தனை பேர்?" ஆனால் கூடவே நிபந்தனை. 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் எழுத வேண்டும். அவர்களிலும் உண்மையிலேயே வேலை வேண்டும் என்று விரும்புகிறவர்களை மட்டும் எழுத வேண்டும்.

விடை வந்தது. மாநிலம் முழுவதும் சேர்த்தும் முப்பதாயிரத்தை எட்டவில்லை! மேடையில் சொன்னது இரண்டு மூன்று லட்சம். தாளில் வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். வகுப்பாக இருந்தால் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பேன்.

லோவெல், லாரன்ஸ் பஞ்சாலைகளில் தறி ஓட்டியவர்கள் யார்? பெரும்பகுதி பெண்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். ஆலை மூடியபோது அவர்களுக்கும்தான் வேலை போனது. ஆனால் கேள்வியிலேயே அவர்கள் இல்லை. கேள்வியில் இல்லாதவர் விடையில் எப்படி வருவார்? அடுத்து, ஒருவனுக்கு 'உண்மையிலேயே' வேலை வேண்டுமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது யார்? ஊர் வரி அதிகாரி. போலீஸ்காரர். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்களா, நாற்காலியில் உட்கார்ந்தபடி மதிப்புப் போட்டார்களா? வேலை தேடி ஊரை விட்டே போனவனை யார் எழுதினார்கள்?

ரைட் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

1885இல் மாநில மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அதையும் ரைட்டின் அலுவலகமே நடத்தியது. இந்த முறை கேள்வி மாறியது. அதிகாரியிடம் கேட்கவில்லை, மக்களிடமே கேட்டார்கள். "இன்று வேலை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "கடந்த ஓராண்டில் எத்தனை மாதம் உங்கள் தொழிலில் வேலை இல்லாமல் இருந்தீர்கள்?" என்று ஆண், பெண் இருவரிடமும் கேட்டார்கள். மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது 19 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் சம்பாதிக்கும் தொழில் உடையவர்கள் 8,16,470 பேர். அவர்களில் ஆண்டில் ஒரு பகுதியாவது வேலை இல்லாமல் இருந்தவர்கள் 2,41,589 பேர்! நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது. சராசரியாக ஆளுக்கு 4.11 மாதம் சும்மா இருந்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,41,589ஐ 4.11ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 82,700க்குச் சற்று அதிகமாக வரும். அதாவது 82,700 பேர் ஆண்டு முழுவதும் வேலையே இல்லாமல் இருந்ததற்குச் சமம். நூற்றுக்குப் பத்து.

இப்போது மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். 1878இல் முப்பதாயிரத்துக்கும் கீழே. 1885இல் ஒரு விதமாகப் பார்த்தால் 2,41,589. இன்னொரு விதமாகப் பார்த்தால் 82,700. ஆண்டு வேறு, நிலைமையும் கொஞ்சம் வேறு என்பது சரி. ஆனால் இவ்வளவு வித்தியாசம் வந்ததற்கு முக்கியக் காரணம் கேள்வி வேறாக இருந்ததுதான். மூன்றில் எதுவும் பொய் இல்லை. தன் அலுவலகம் முன்பு சொன்னதைவிடப் பெரிய எண் வந்திருக்கிறதே என்று ரைட் அதை மறைக்கவும் இல்லை. 1887இல் விவரமாக அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காக அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அதற்குள் மற்ற மாநிலங்களும் இப்படி அலுவலகம் தொடங்கியிருந்தன. 1884இல் அமெரிக்க நடுவண் அரசே ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் ஆணையர் ரைட்தான். 1905 வரை அதில் இருந்தார்.

இன்னும் ஒரு கதை. இதுவும் ஒரு டீச்சரின் கதை என்பதால் விட மனமில்லை.

பிரான்சிஸ் பெர்கின்ஸ். பாஸ்டனில் 1880இல் பிறந்த பெண். இளம் வயதில் பள்ளி ஆசிரியை. 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். மாடியிலிருந்து அவர்கள் குதித்ததைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர் பெர்கின்ஸ். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் தொழிலாளர் பிரச்சினைதான் அவருக்கு வேலை. 1929இல் நியூயார்க் மாநிலத்தின் தொழில்துறை ஆணையர் ஆனார். நியூயார்க் அப்போது நாட்டின் பெரிய தொழில் மாநிலம். 1914 முதல் மாதந்தோறும் தொழிற்சாலைகளிடம் ஆள்கணக்கு வாங்கி வெளியிடும் பழக்கம் அங்கே இருந்தது.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. 1930 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஹூவர், வேலைவாய்ப்பு கூடிக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம் என்று அறிவித்தார். காலையில் பத்திரிகையில் அதைப் பார்த்தார் பெர்கின்ஸ். தன் மாநிலக் கணக்கு அவர் கையில் இருந்தது. அது நேர்மாறாகச் சொன்னது. நிருபர்களை அழைத்து, குடியரசுத் தலைவர் சொன்னது தவறு என்று எண்களோடு சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். 1930இல், ஒரு பெண், ஒரு மாநில அதிகாரி, நாட்டின் தலைவரைப் பார்த்து "உங்கள் விடை தப்பு" என்கிறார். கையில் பதிவேடு இருந்த தைரியம் அது. மூன்றே ஆண்டுகளில் அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார். அந்நாட்டு அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

எண்ணைச் சொல்கிறவர் மீது கோபப்படுவது மட்டும் மாறவே இல்லை. 1873இல் ஆலிவரும் மெக்நீலும் போனார்கள். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வேலைவாய்ப்புக் கணக்கு எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்த அன்றே, அதே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் ஆணையரைக் குடியரசுத் தலைவர் டிரம்ப் பதவி நீக்கினார். மதிப்பெண் குறைந்ததற்கு மார்க் ஷீட்டைக் கிழித்துப் போட்ட பையன்களை நான் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

சரி, என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டிலும் இரண்டு விதமான கேள்வி இருக்கிறது. தேசிய அளவில் நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் கடந்த 365 நாளை வைத்து ஒரு கணக்கு, கடந்த ஏழு நாளை வைத்து இன்னொரு கணக்கு எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தராது. மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உயிர்ப்பதிவேடு என்பது மூன்றாவது. அதில் பதிவு செய்தவர் எல்லோரும் வேலை இல்லாதவர் இல்லை, வேலை இல்லாதவர் எல்லோரும் பதிவு செய்தவரும் இல்லை.

எனக்கே இது தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து 1981இல் பதிவு செய்தேன். 1988இல்தான் பணி ஆணை வந்தது. ஏழு வருஷம் அந்த அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஏழு வருஷத்தில் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினேன், மாலையில் டியூஷன் எடுத்தேன். ஒரு பதிவேட்டில் நான் வேலை இல்லாதவள். வேறொரு கணக்கெடுப்பில் வேலை பார்ப்பவள். என் அப்பாவுக்கோ, கல்யாணம் ஆகாத பெண்.

கடைசியாக, உங்களிடம் சொல்லாத ஒன்று. மாசசூசெட்ஸில் போலீஸை வைத்து எண்ணினார்கள். நம் நாட்டில் ஆசிரியர்களை வைத்து எண்ணுகிறார்கள். 1991 கணக்கெடுப்பில் எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு தெரு. ஒரு வீட்டில் கணவர் திண்ணையில் உட்கார்ந்து விவரம் சொன்னார். "சம்சாரம் என்ன வேலை பார்க்கிறாங்க?" என்றேன். "அவ சும்மாதான் டீச்சர் இருக்கா" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் ஒட்டுவீங்க?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். கணவர் சிரித்தார். "அதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்?"

அந்த முறை படிவத்திலேயே, சம்பளம் இல்லாமல் குடும்பத் தொழிலில் செய்கிற வேலையையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி அச்சிட்டிருந்தார்கள். இந்த அம்மாவோ கூலிக்கே ஒட்டுகிறவர். அவரை வேலை பார்ப்பவர் என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. இதற்கு முன்னால் முடித்த வீடுகளில் நான் எத்தனை முறை "சும்மாதான் இருக்கா" என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்? வெயில், அவசரம், மாலைக்குள் தெருவை முடிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. மறுநாள் சில வீடுகளுக்குத் திரும்பப் போய்த் திருத்தினேன். எல்லா வீடுகளுக்கும் போகவில்லை. அந்தப் பெண்கள் சிலர் இன்றும் அந்த 1991ஆம் ஆண்டுப் புத்தகத்தில் சும்மா இருப்பவர்களாகத்தான் இருக்கிறார்கள். அதற்கு நானும் ஒரு காரணம்.

அதனால் ரைட்டை நான் குறை சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவர் ஏழு ஆண்டு கழித்துக் கேள்வியைத் திருத்திக்கொண்டார் என்பதையும் மறக்கவில்லை.

என் மாணவனே, உன் கேள்விக்கு இதுதான் பதில். இனி எந்த எண்ணைப் பார்த்தாலும் சண்டை போடுவதற்கு முன்னால் மூன்று கேட்டுப் பார். யாரைக் கேட்டார்கள்? எத்தனை நாளைப் பற்றிக் கேட்டார்கள்? யாரைக் கேட்காமல் விட்டார்கள்? உன் தெருவில் சுற்றுகிற அந்தப் பத்துப் பேரில் ஒருவன் போன வாரம் இரண்டு நாள் பந்தல் போடப் போயிருந்தால், ஏழு நாள் கணக்கில் அவன் வேலை பார்த்தவன். நூற்றுக்கு மூன்று என்பதும் உண்மையாக இருக்கலாம், உன் தெருவும் உண்மையாக இருக்கலாம்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மறுபடி வருகிறது. உங்கள் வீட்டு வாசலுக்கும் யாராவது ஒரு டீச்சர் வந்து நிற்பார். தண்ணீர் கொடுங்கள். உட்கார வையுங்கள். உங்கள் அம்மாவோ மனைவியோ பூக் கட்டினால், தையல் தைத்தால், மாடு வளர்த்துப் பால் ஊற்றினால், கடையில் கல்லாவில் உட்கார்ந்தால், "சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லாதீர்கள். முடிந்தால் அவர்களையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

படித்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்